சூளைப் பிள்ளைகளை எண்ண வந்த நாள்

பாக்கியமேரி எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் மொபெட்டை அணைத்துவிடுவாள். இறங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கிருந்து செங்கல் சூளை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போவாள். கால்வாய்க் கரை வழியாக அரைக் கிலோமீட்டர் இருக்கும். தை மாதம் தொடங்கி ஆனி வரைக்கும், காலை ஒன்பதரை மணிக்கு, ஆறு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்டதில்லை. வலியப் போய் ஒருவரிடம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்.

தை மாதத்தில் செய்யாற்றுப் பக்கமிருந்து வருகிற பனி கால்வாயின் மேல் படுத்திருக்கும். அவள் பத்தடி போனதும் வண்டிச் சக்கரம் மறையும். இன்னும் பத்தடியில் அவள் கால்கள் மறையும். அதற்குப் பிறகு இடுப்புக்கு மேலே ஒரு பெண் மட்டும் வெள்ளையில் மிதந்து போவதுபோல் இருக்கும். எதிரில் சூளையின் உயரமான சிம்னி. அதன் புகை எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் சூளையே தரையைத் தொடாமல் நிற்கிற ஓர் ஊர்போலத் தெரியும்.

ஒருவகையில் அது ஓர் ஊர்தான். எங்கள் காவாந்தண்டலத்துக்காரர்கள் அங்கே ஐந்தாறு பேர்தான் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் ஒடிசாவிலிருந்து, பலாங்கீர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள். மழைக்காலம் முடிந்ததும் மூட்டை முடிச்சு, பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். காயவைத்த பச்சைக்கல்லையே அடுக்கி, மேலே தகரம் போட்டு, குனிந்து நுழைகிற அளவுக்கு வீடு கட்டிக்கொள்வார்கள். அப்பா மண் மிதிப்பார். அம்மா அச்சில் கல் அறுப்பாள். பிள்ளைகள் காய்கிற கல்லைப் புரட்டிப்போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் புரட்டினால்தான் ஈரக் கல்லில் கால் அழுந்தாதாம். ஆனி மாதம் முதல் பெரிய மழை விழுந்ததும் எல்லோரும் ரயிலேறிவிடுவார்கள். கல்வீடுகளும் சூளைக்குள் போய்விடும்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் பாக்கியமேரி போகிறாள். வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளும் இங்கே இருக்கிற வரைக்கும் இங்கத்துப் பிள்ளைகள்தான், கையில் சான்றிதழ் இல்லை, பாஷை தெரியாது என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது, பள்ளிக்கு வர முடியாத இடத்தில் பள்ளியே அவர்களிடம் போக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. சூளைக்குள் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு பாக்கியமேரி. மதியச் சாப்பாடு எங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலிருந்து போகும். அங்கே நான் உதவியாளர். சோற்றுக் குண்டானையும் முட்டைத் தூக்கையும் சைக்கிளில் கட்டி எடுத்துப்போகிற வேலை என்னுடையது. அதனால்தான் எனக்கு இவ்வளவும் தெரியும்.

பாக்கியமேரியின் அப்பா டேனியலும் அவள் அம்மாவும் கூலிக்காரர்கள். அவளுக்கு ஐந்து வயதில் குடும்பமே செங்குன்றம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டது. நாலு வருஷம். களத்தில் காய்கிற நெல்லைக் காலால் கிண்டிவிடுவதுதான் அவளுக்கு வேலை. ஊருக்குத் திரும்பியபோது ஒன்பது வயது. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்களாம். அவள் முட்டி பெஞ்சின் அடியில் இடிக்கும், பக்கத்துப் பிள்ளைகள் அவளை ஆயா என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். அழவில்லை, சிரித்தாள். அந்த நாலு வருஷத்தில் தன் பெயரை யாரும் எந்தத் தாளிலும் எழுதியதில்லை என்றாள். அப்போது மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர்கள்கூட ஆலைக் கதவோடு திரும்பிப் போனார்களாம்.

அவளுக்கும் ஒடியா தெரியாது. வந்த புதிதில் ‘பானி’, ‘பாத்’ இரண்டு வார்த்தைதான். தண்ணீரும் சோறும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினாள். பிறகு, மூன்று வருஷத்துக்கு முன்னால், அரசாங்கமே ஒடியாப் புத்தகம் ஒரு கட்டு அனுப்பியது. அதை யார் படிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சேபதி என்கிற பெண்ணின் அப்பா, மண் மிதித்த காலோடு வந்து, ஒரு புத்தகத்தை எடுத்து வாய்விட்டு வாசித்தார். நாலாவது வரைக்கும் படித்தவராம். ஏதோ மைனாவைப் பற்றிய பாடம் என்று பிறகு தெரிந்தது. களத்தில் கல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். அச்சுகள் தட்டுகிற சத்தம் நின்றுபோனது. அவர் குரல் மட்டும் கல் வரிசைகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தது. நானும் குண்டானை இறக்காமல் நின்றிருந்தேன். அன்று முதல் பாக்கியமேரி கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டாள். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஒடியா. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்தைச் சேபதியின் அப்பா எழுதிவிட்டுப் போவார்.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் போகிற பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்பார்கள். எல்லம்மாள் ஒருநாள் மளிகைக் கடையில் வைத்துப் பாக்கியமேரியிடமே கேட்டாள்: “நம்ம பசங்களே ஒழுங்கா எய்தல. நீ இன்னாடி ஒரிசாவுக்கு ஸ்கூலு நடத்திக்கினு கீற?”

“ஒரிசாவுக்கு இல்லக்கா, நம்ம கால்வாய்க்கரைக்குத்தான் நடத்துறேன்,” என்று சொல்லிவிட்டுச் சீயக்காய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் ஏன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள் என்பது இரண்டாவது வருஷம்தான் எனக்குப் புரிந்தது. சூளையின் உச்சியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அவற்றை இரும்பு மூடியால் மூடி வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து நிலக்கரி போடுகிறவர் மாகறல் சின்னப்பையன், அறுபது வயதுக்காரர். அங்கே நின்றால் கால்வாய் மதகு வரைக்கும் அவருக்குத் தெரியும். மதகில் ஏதாவது வெள்ளை வண்டி திரும்பினால் கரி அள்ளுகிற வாரியால் இரும்பு மூடியில் மூன்று தட்டுத் தட்டுவார். எந்த வெள்ளை வண்டியானாலும் அவர்களுக்கு அது ஜீப்தான். மூன்று தட்டுக் கேட்டதும் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். வண்டி மதகைத் தாண்டிப் போனதும் ஒரே ஒரு தட்டு, அது கேட்டால்தான் வெளியே வருவார்கள். பாக்கியமேரி வருவதற்கும் முந்திய வழக்கம் அது. வேறெங்கோ ஒரு சூளையில் ஜீப்பில் வந்தவர்கள் வேலை செய்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் வைத்துவிட, பாஷை தெரியாத தாய் இரண்டு நாள் ரோடு ரோடாகத் தேடினாளாம். அந்தக் கதை ஒவ்வொரு வருஷமும் ரயிலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டுவிடும். வண்டிச் சத்தம் என்றாலே சின்னதுகள் ஓடும். மொபெட் சத்தத்துக்கும் ஓடிய பிறகுதான் பாக்கியமேரி எங்கள் வாசலில் அதை அணைக்கத் தொடங்கினாள்.

இந்தத் தை மாதம் புதிதாக ஒன்று வந்தது. முன்பெல்லாம் அவள் எழுதிக்கொடுக்கிற பெயர்ப் பட்டியல் போதும். இந்த வருஷம் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்தே ஆள் வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் நேரில் பார்த்து, படம் பிடித்து, போனில் ஏற்ற வேண்டும். எங்கள் சூளைக்கு இருபது பிள்ளைகள் இருந்தால் இந்தப் படிப்பு மையம் தொடரும். இல்லாவிட்டால் இங்கே மூடிவிட்டு, பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மையத்துக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போவார்கள். வேன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே சேபதியின் அம்மா ஹேமந்தி தலையை ஆட்டிவிட்டாள். ஒரு தாயும் வேனில் அனுப்ப மாட்டாள். பிள்ளைகள் மறுபடி கல் புரட்டப் போய்விடுவார்கள். சேபதிக்குப் பதினோரு வயது. மூன்று வருஷம் வந்து வந்து போய், நாலாம் வகுப்புப் பாடம் வரைக்கும் தமிழில் வாசிக்கிறாள். இந்த வருஷம் ஐந்தாவது முடித்ததாக ஒரு தாள் வாங்கிவிட்டால் ஆறாவதில் எங்கேயும் சேரலாம். மையம் மூடினால் அந்தத் தாள் கிடையாது.

கணக்கெடுப்பு முடிகிற வரைக்கும் போன வருஷத்து ஏற்பாடே நடக்கட்டும் என்று எங்கள் தலைமையாசிரியை தமிழ்ச்செல்வி சாப்பாட்டை நிறுத்தாமல் அனுப்பச் சொன்னார். பாக்கியமேரி ஒரு வாரம் வீடு வீடாக, அதாவது கல்வீடு கல்வீடாகக் குனிந்து நுழைந்து எல்லாத் தாய்மாரிடமும் சொன்னாள். புதன்கிழமை ஒரு ஜீப் வரும், அது வேறு ஜீப், பிடிக்க வருவதில்லை, பெயர் எழுத வருவது. பிள்ளைகளிடமும் சொன்னாள். சூளை மேனேஜர் ராஜாராமிடமும் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கிற சூளைக்கு ஆள் தேடி வருகிறார்கள் என்று அவரும் மையம் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். எல்லோரும் சரி என்றார்கள். ஒரே ஒருவரிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை பனி விலகப் பதினோரு மணி ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு நான் சாப்பாட்டோடு போய்ச் சேர்ந்தபோது களத்தில் ஒரு பிள்ளை இல்லை. வெயில் மஞ்சளாக, பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல், கல் வரிசைகள் மேல் விழுந்திருந்தது. கொட்டகையில் சிலேட்டுகள் திறந்தபடி கிடந்தன. ஒரு சிலேட்டில் ‘அம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. வெள்ளை வண்டி ஒன்று களத்தின் நடுவில் நின்றது. அலுவலகத்திலிருந்து வந்திருந்த தினகரன் சார், இளம் வயது, கையில் போனை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். முக்கால் மணி நேரமாக அப்படித்தான் நிற்கிறாராம். அம்மா இடுப்பிலிருந்த மூன்று கைக்குழந்தைகளைத்தான் பார்த்திருந்தார்.

நடந்தது இதுதான். மதகில் வண்டி திரும்பியது. சின்னப்பையன் மூன்று தட்டுத் தட்டினார். ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்தச் சத்தத்தில் பிள்ளைகளுக்கு மறந்துபோனது. மேனேஜருக்கும் மறந்துபோனது. தினகரன் சார் இறங்கி வணக்கம் சொல்வதற்குள், வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய மேனேஜர் வாய், “பசங்க யாரும் இல்ல சார்,” என்று சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

பாக்கியமேரி சூளைப் படியேறி மேலே போயிருந்தாள். அவர்கள் பேசியது கீழே நின்றிருந்த எனக்குக் கேட்டது.

“ஜீப்பு வந்துச்சு, தட்னேன்,” என்றார் சின்னப்பையன். “பத்து வருசமா அதான் பண்ணிக்கினு கீறேன். இன்னிக்கு இன்னா புச்சா?”

“உனுக்குச் சொல்லாம வுட்டது என் தப்பு, நைனா.”

“பிடிக்கிற ஜீப்பு எது, சோறு போடுற ஜீப்பு எதுன்னு மேல எய்தி ஒட்டிக்கினு வரச் சொல்லு. இங்கேருந்து பாத்தா ரெண்டும் வெள்ளையாத்தான் கீது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றினோம் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு அன்றைக்கெல்லாம் அவர் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதம் காஞ்சிபுரம் வந்து, உத்திரமேரூர் வந்து, நல்ல எண்ணத்தோடுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. கடைசியில் மதகிலிருந்து சூளைக்கு வருகிற தூரத்தில் அது பிள்ளைகளைப் பிடிக்க வருகிற காகிதமாக மாறிவிட்டது. மேலே நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

பாக்கியமேரி இறங்கி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. ஹேமந்தி கூப்பிட்டாள். அதற்கும் யாரும் வரவில்லை. வண்டி மதகைத் தாண்டிப் போகிற வரைக்கும் அம்மாவே கூப்பிட்டாலும் வரக் கூடாது என்றுதான் அம்மாக்களே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“நாலு மணிக்குள்ள ஏத்திடணும்மா,” என்றார் தினகரன் சார். “பார்க்காத பிள்ளையை நான் எழுத முடியாது. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கல. ஆனா பார்க்கணும்.”

“அப்ப வண்டிய அனுப்பிடுங்க சார். மதகத் தாண்டி மாகறல் ரோட்டுக்குப் போய் நிக்கட்டும்.”

“நான்?”

“நீங்க இருங்க. பூட்ஸைக் கழட்டிட்டு உக்காருங்க. கழுத்துல மாட்டிக்கீற கார்டையும் எடுத்துடுங்க.”

அவர் கழுத்துக் கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டிரைவருக்குக் கையைக் காட்டினார். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. சின்னப்பையன் மேலே நின்று, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, அது மதகைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. புழுதி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அமைதியை நான் அந்தச் சூளையில் கேட்டதே இல்லை. பிறகு இரும்பு மூடியில் ஒரே ஒரு தட்டு, மெதுவாக.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கல் அடுக்குக்குள்ளிருந்து ஒரு கல் வெளியே நகர்ந்ததுபோல் இருந்தது. அது ஒரு பெண்ணின் தலை. முடியெல்லாம் செம்மண். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஆமணக்குப் புதரிலிருந்து இரண்டு பேர். சூளையில் அணைந்து ஆறியிருந்த ஓர் அறைக்குள்ளிருந்து நாலைந்து பேர், தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு. எல்லோரும் கல் நிறத்தில் இருந்தார்கள். அடுக்கி வைத்த கல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்விழித்து எழுந்து நடந்து வருவதுபோல எனக்குத் தோன்றியது. பெயர் எழுதுவதற்கு வந்தவர் அதையெல்லாம் பார்த்தபடி வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

புது ஆளைப் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தால் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, கையிலிருந்த சோற்றுக் கரண்டியை அவரிடம் நீட்டினேன். அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை நான் பேசியிருக்கவில்லை. அப்போதும் பேசவில்லை. அவர் புரிந்துகொண்டு எழுந்து, குண்டானுக்குப் பின்னால் போய் நின்றார். கரண்டி பிடித்திருக்கிறவரைக் கண்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பயமில்லை.

வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் சோறு போட்டுக்கொண்டே வந்தார். சாம்பாரை ஒருவர் தட்டில் ஊற்றுவதற்குப் பதில் பக்கத்தில் தரையில் ஊற்றினார். அதற்கு ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை முழுக்கப் போனது. சேபதி மட்டும் சாப்பிடவில்லை. வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். தமிழில்தான் எண்ணினாள். பத்தொன்பதில் நிறுத்திவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடினாள். அங்கே நாணல் மறைவில் இருந்தவர்களுக்கு அந்த ஒற்றைத் தட்டு கேட்டிருக்காது என்று அவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது. ஒன்பது பேரோடு திரும்பி வந்தாள். பாக்கியமேரி அப்போதுதான் முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு தினகரன் சார் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். சேபதி பெயரையும் ஊரையும் தமிழில் எடுத்துச் சொன்னாள். படம் எடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மொத்தம் இருபத்தெட்டு என்று பாக்கியமேரி நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஐந்து பேருக்கு வயது பதினாலு தாண்டிவிட்டது. அதில் சேபதியின் அக்காவும் ஒருத்தி. போனில் அந்த வயதைப் போட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. அவர் மூன்று முறை முயன்றார். வயதைக் குறைத்துப் போடுங்கள் என்று மேனேஜர் சொன்னார். தினகரன் சார் பாக்கியமேரியைப் பார்த்தார்.

“வேணாம் சார்,” என்றாள் அவள். “கீறத எழுதுங்க. இருபத்துமூணு போதும்.”

சேபதியின் அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, களத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து கல் புரட்டத் தொடங்கினாள்.

மூன்றரை மணிக்குக் கணக்கு ஏறிவிட்டது. தினகரன் சார் பூட்ஸை மாட்டிக்கொண்டு மாகறல் ரோடு வரைக்கும் நடந்தே போனார். போவதற்கு முன் சூளைக்கு மேலே பார்த்துச் சின்னப்பையனுக்குக் கையசைத்தார். அவர் பதிலுக்கு வாரியைத் தூக்கிக் காட்டினார்.

இப்போது பங்குனி மாதம். மையம் நடக்கிறது. இருபத்துமூன்று பிள்ளைகளின் பெயர் பதிவாகியிருக்கிறது. சேபதி ஐந்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் பாதி தாண்டிவிட்டாள். சித்திரையில் அவளுக்குத் தாள் கிடைக்கும் என்று தமிழ்ச்செல்வி டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆறாவது இங்கேயா, பலாங்கீரிலா என்று அவள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. பதினாலு தாண்டிய ஐந்து பேருக்கு எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் மதிய வேளையில் கொட்டகையின் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார்கள், பாக்கியமேரி அவர்களுக்கும் சிலேட்டு கொடுக்கிறாள், இரண்டு மணிக்கு அவர்கள் களத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.